புள்ளி இல்லாத ஸ்க்ரூ

மாமல்லபுரம் குப்பம்
12 ஜனவரி 2025

அண்ணிக்கு லோகு எழுதுவது.

என் நம்பரை நீங்கள் பிளாக் பண்ணி வைத்திருப்பதாக உங்கள் தங்கச்சி சாந்தா அக்கா சொன்னார்கள். "போன்ல பேசினா நீ கத்துவ, அவ அழுவா. எதுனா சொல்லணும்னா எழுதிப் போடு" என்று உங்கள் ஊரப்பாக்கம் விலாசத்தையும் அவர்களே கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பேனாவைத் தொட்டதே இல்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

திதி அன்றைக்கு நடந்ததைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடியும் சண்டைதான் வரும். அண்ணன் போட்டோவுக்கு நீங்கள் மாலை போட்டது எனக்குப் பொறுக்கவில்லை, பிடுங்கி எறிந்தேன். நாளைக்கு நீங்கள் போட்டாலும் எறிவேன். கவிழ்ந்த போட் கரைக்கு வந்தது. கூடப் போன சுதாகர் உடம்பும் ஒதுங்கியது. அண்ணன் ஒதுங்கவில்லை. உடம்பு வராதவனுக்குச் சடங்கு செய்தால் அவன் திரும்பி வருகிற வழியை அடைத்த மாதிரி என்று நம் குப்பத்தில் சொல்வது உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் இந்தக் கரையில் பிறந்தவர்தானே.

சரி, அதை விடுங்கள். வண்டி விஷயமாக எழுதுகிறேன். பங்களாக்காரர் வீட்டைக் காலி செய்தபோது "எடுத்துக்கினு போ" என்று அண்ணனிடம் தள்ளிவிட்டாரே, அந்த அறுபத்து நாலாம் வருஷத்து ஹோண்டா பென்லி பைக். நீங்கள் இரும்புச் சக்களத்தி என்று பேர் வைத்தது. அண்ணன் விட்ட இடத்திலிருந்து நான் வேலையை எடுத்திருக்கிறேன். எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கழுவி மாட்டிவிட்டேன். உப்புக் காற்றில் அரித்த ஒயரை எல்லாம் மாற்றிவிட்டேன். பாயிண்ட் பிளேட்டைப் பிடிக்கிற மூன்று ஸ்க்ரூ மட்டும்தான் இல்லை. அந்தப் பிளேட் அசையாமல் நின்றால்தான் ஸ்பார்க் சரியான நேரத்துக்கு வரும், வண்டி கிளம்பும். இப்போது கடையில் விற்கிற எதுவும் அந்தத் துளையில் ஏற மாட்டேன் என்கிறது.

அந்த மூன்றையும் அண்ணன் கழற்றியதை நான் பார்த்தேன். தலை தேய்ந்துபோய், கட்டிங் பிளேயரால் கடித்துத்தான் கழற்றினோம். எங்கே வைத்தது என்று தெரியவில்லை. அரிசி டப்பா வரைக்கும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். அண்ணன் வரும்போது வண்டி வாசலில் ஓடுகிற நிலையில் நிற்க வேண்டும்.

அனுவைக் கேட்டதாகச் சொல்லவும்.

லோகு


ஊரப்பாக்கம்
21 ஜனவரி 2025

லோகுவுக்கு,

கையெழுத்து சகிக்கவில்லை. அனுதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மாலை என்ற வார்த்தை வந்ததும் கடிதத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

நான் நன்றாக இருக்கிறேன். படூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையலறையில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறினால் சாயங்காலம் வருவேன். அங்கே வேலை செய்கிற யாருக்கும் என் கதை தெரியாது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

அரிசி டப்பாவைக் கவிழ்த்தது போதும். அந்த ஸ்க்ரூ மூன்றும் அவரிடம்தான் இருக்கிறது. தூண்டில் முள் வாங்கிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, கிரீஸை அப்பி, மடித்து, இடுப்பில் அரணாக்கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார். "இதை இன்னாத்துக்குக் கடலுக்கு எடுத்துக்கினு போற?" என்று கேட்டேன். "மீனைக் கோவளத்துல இறக்கிட்டு அப்டியே கேளம்பாக்கம் லேத்துக்குப் போறேன். சாம்பிள் இல்லாம போனா அந்தாளு மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டான்" என்றார். "போ, போயி அவகூடவே குடும்பம் நடத்து" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். புருஷனும் பெண்டாட்டியும் கடைசியாகப் பேசியது ஸ்க்ரூவைப் பற்றி.

நீ ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறாய்? துளையைப் பெரிசாக்கி இந்தக் காலத்து ஸ்க்ரூவைப் போடு. போட் எஞ்சின் பார்க்கிற எவனும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செய்து கொடுப்பான். ஓட்டு, இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடு. என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் அவர் வருவார் என்று எனக்கு எழுதாதே. ஒரு வருஷம் தினமும் விடியற்காலை கரையில் போய் நின்றேன் லோகு. வருகிற ஒவ்வொரு போட்டையும் எண்ணி எண்ணி என் கண் கெட்டது. நான் மாலை போட்டது அவரை அனுப்பி வைக்க இல்லை. நான் அந்தக் கரையை விட்டு நகர வேண்டும், அதற்குத்தான்.

நீ அதைப் பிடுங்கினாய். கண்ணாடி உடைந்து அனு காலில் குத்தியது. அதையும் தெரிந்துகொள்.

பரிமளா


மாமல்லபுரம் குப்பம்
16 பிப்ரவரி 2025

அண்ணிக்கு,

அனு காலில் குத்தியது எனக்குத் தெரியாது. ஆறிவிட்டதா?

துளையைப் பெரிசாக்கச் சொல்கிறீர்கள். நம் மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னான், டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டான். நான்தான் வேண்டாம் என்று விரட்டினேன். ஸ்க்ரூ அண்ணன் இடுப்பில் இருக்கிறது என்று நீங்கள் எழுதிய பிறகு சுத்தமாக முடியாது. துளையைப் பெரிசாக்கிவிட்டால், அண்ணன் வந்து அந்த மூன்றையும் எடுத்து நீட்டினால் நான் எங்கே போடுவேன்?

எழுதாதே என்று சொன்னதை எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே விடுகிறேன்.

விஷயம் இதுதான் அண்ணி. அளவு ஐந்து எம்.எம். தான், இப்போது இருக்கிற அதே அளவு. ஆனால் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவில் இப்போது பாயிண்ட் எட்டு. அந்தக் காலத்து ஜப்பான்காரன் பாயிண்ட் ஒன்பது வைத்திருந்தான். அறுபதுகளின் கடைசியில் உலகம் முழுக்க ஒரே மரை என்று அவனும் மாறிவிட்டான். பழசும் புதுசும் கலந்துவிடக் கூடாது என்று புது ஸ்க்ரூவின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி குத்தினான். புள்ளி இருந்தால் புதுசு. நமக்கு வேண்டியது புள்ளி இல்லாதது.

புதுசை எடுத்துப் பழைய துளையில் விட்டால் உடனே முரண்டு பிடிக்காது. அதுதான் கஷ்டம். முதல் ரெண்டு மூணு சுற்று சாதுவாக உள்ளே போகும். ஆஹா, கிடைத்துவிட்டது என்று தோன்றும். அப்புறம் இறுகும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் அலுமினியம் மாவு மாதிரி உதிர்ந்துவிடும். அந்த இறுக்கம் என் விரலுக்கு இப்போது நன்றாகத் தெரியும். தூக்கத்தில்கூட விரல் திருகிக்கொண்டிருக்கிறது.

புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டி உடைக்கிற கடை ஒன்று பாக்கியில்லை. சாக்குச் சாக்காகக் கொட்டினார்கள், எல்லாம் புள்ளி வைத்ததுதான். ஒரு கடைக்காரன், "அண்ணாத்த, இந்த வண்டியப் பண்ண ஜப்பான்காரனே செத்துப் போயிருப்பான். நீ இன்னாத்துக்கு ஸ்க்ரூவத் தேடிக்கினு கீற?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

செங்கல்பட்டில் தாமோதரன் என்று ஒரு லேத்துக்காரர் இருக்கிறார். கேளம்பாக்கத்து ஆள் கடையை மூடிவிட்டதால் இவரைப் பிடித்திருக்கிறேன். எரிந்து விழுகிற ஆள். "பாயிண்ட் ஒம்போதுக்கு என் மிஷின்ல பல்சக்கரமே கெடையாது, போய்யா" என்றார். மறுபடி போகப் போகிறேன்.

லோகு


ஊரப்பாக்கம்
9 மார்ச் 2025

லோகுவுக்கு,

மரையைத் தேடித் தேடி உனக்கு மரை கழன்றுவிட்டது.

அனு கால் எப்போதோ ஆறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் புது டீச்சர் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் எழுந்து நின்று "கடல்ல கீறாரு மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். மீன் பிடிக்கிறவர் போலிருக்கிறது என்று டீச்சர் உட்காரச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம், "நான் பொய் சொல்லலல்ல?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்லட்டும்? நீயே சொல்.

இவளுக்காகத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இருக்கிறார் என்றால் இருக்கிறார், இல்லை என்றால் இல்லை. நடுவில் தொங்கிக்கொண்டு ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது. நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் என்னை மறுபடி நடுவில் கொண்டுபோய்த் தொங்கவிடுகிறது. வண்டியைப் பற்றி மட்டும் எழுதுவதானால் எழுது.

கடலுக்குப் போகிறாயா, இல்லை அதையும் விட்டுவிட்டு வண்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறாயா? ஒழுங்காகச் சாப்பிடு.

பரிமளா


மாமல்லபுரம் குப்பம்
13 ஏப்ரல் 2025

அண்ணி,

திட்டுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இது வண்டி விஷயம் இல்லை.

கோவளத்தில் தேவசகாயம் என்று ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். எஞ்சின் நின்றுபோய், காற்று இழுத்துக்கொண்டு போய், பர்மாக்காரன் கையில் மாட்டி ஜெயிலில் இருந்தாராம். வீட்டில் எல்லாச் சடங்கும் முடித்துவிட்டார்கள். அவர் கல்லறைக்குச் சிலுவைகூட நட்டுவிட்டார்கள். ஒரு நாள் ஆட்டோவில் வந்து இறங்கினாராம். அவர் சம்சாரம் பார்த்துவிட்டு மயக்கம் போட்டு விழுந்துவிட்டாராம்.

நான் நேரில் போய்ப் பார்த்தேன். மனுஷன் பாதியாக இருக்கிறார். அண்ணன் போட்டோவைக் காட்டினேன். "அங்க எல்லாருக்கும் தாடி, எல்லாரும் எலும்பு. மூஞ்சிய வெச்சு இன்னாத்த சொல்ல?" என்றார். ஆனால் வேறு கொட்டடியில் இன்னொரு தமிழ் ஆள் இருந்தானாம். நம் மகாபலிபுரம் பக்கம் என்று கேள்வியாம். பேர் தெரியாது. பக்கத்தில் பேச விட மாட்டார்களாம். அந்த ஆள் சாயங்காலமானால் வாயாலேயே பைக் சத்தம் போட்டுக் காட்டுவானாம். காவல்காரனே சிரிப்பானாம்.

அண்ணி, கேட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

லோகு


ஊரப்பாக்கம்
19 ஏப்ரல் 2025

லோகு,

உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா? எத்தனை பேர் வாயால் பைக் சத்தம் போடுவார்கள்? ஹாஸ்டலில் தண்ணீர் கேன் போடுகிற பையன்கூடப் போடுகிறான். எவனோ ஒருவன் எங்கேயோ சத்தம் போட்டான் என்று எனக்கு எழுதுகிறாய். நான் இங்கே சாம்பாரில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் ரெண்டு தடவை போட்டு, வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இனிமேல் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் கிழித்துப் போடுவேன்.

எந்த மாதிரி சத்தம் என்று அவரிடம் கேட்டாயா?

பரிமளா


மாமல்லபுரம் குப்பம்
27 ஏப்ரல் 2025

அண்ணி,

மறுபடி கோவளம் போய்க் கேட்டேன். தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டினார். வேகமாக ஓடுகிற வண்டி இல்லை. கிக்கரை உதைக்கிற சத்தம். அப்புறம் ஒரு இருமல், இன்னொரு இருமல், அடங்கிவிடுகிறது. மறுபடி உதை. "அந்த வண்டி ஸ்டார்ட்டே ஆவாதுப்பா, அதுக்குத்தான் எல்லாரும் சிரிப்பானுங்க" என்றார்.

அனு சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும்போது அண்ணன் செய்வது இதுதானே?

லோகு


ஊரப்பாக்கம்
4 மே 2025

லோகு தம்பிக்கு,

உன் கடிதம் வந்தவுடன் எழுத உட்கார்ந்து, முடியாமல் எழுந்துவிட்டேன். அனுவிடம் எதுவும் சொல்லவில்லை. சாந்தாவிடம் மட்டும் சொன்னேன். "மனச அலைய வுடாத அக்கா" என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். அது அலைந்து முடித்து, போய் வாசலில் உட்கார்ந்துவிட்டது.

நேற்று ஜவுளிக் கடைக்குப் போய் ஒரு சட்டை வாங்கினேன். நீலத்தில் கட்டம் போட்டது. அவர் பழைய அளவு வேண்டாம், ஒரு அளவு குறைத்துக் கொடு என்றேன். தேவசகாயம் பாதியாக வந்தார் என்று எழுதியிருந்தாயே. கடைக்காரன் யாருக்கு என்று கேட்டான். வெளிநாட்டில் இருக்கிறார், வருகிறார் என்றேன். இத்தனை நாளில் அப்படி ஒரு வார்த்தையை நான் வாயால் சொன்னதே இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். சும்மா கோவளத்துக்கும் குப்பத்துக்கும் அலையாதே. கலெக்டர் ஆபீசில், மீன்வளத்துறையில், போலீசில், எல்லா இடத்திலும் மனு கொடு. பெயர், வயது முப்பத்தெட்டு, உயரம், காணாமல் போன தேதி எல்லாம் எழுது. முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்று அவரே சொல்கிறார். அதனால் அந்த ஸ்க்ரூவையும் எழுது. ஜெயிலில் போடும்போது உடம்பில் இருப்பதை எல்லாம் வாங்கிப் பத்திரமாக வைப்பார்களாம். தூண்டில் முள் கவரில் கிரீஸ் போட்ட மூன்று ஸ்க்ரூ, அரணாக்கயிற்றில் கட்டியிருக்கும் என்று தெளிவாக எழுது. உலகத்தில் வேறு எவன் இடுப்பில் அது இருக்கும்? வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதே.

துளையைப் பெரிசாக்கச் சொன்னேன், நல்லவேளை நீ கேட்கவில்லை.

அண்ணி


மாமல்லபுரம் குப்பம்
15 ஜூன் 2025

அண்ணிக்கு,

மனு எல்லா இடத்திலும் கொடுத்தாகிவிட்டது. நம் பஞ்சாயத்துக்காரர்களும் கூட வந்தார்கள். ஸ்க்ரூவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதெல்லாம் எதுக்குய்யா?" என்றார். எங்கள் அண்ணி எழுதச் சொன்னார்கள் என்றேன். எல்லா ஸ்டேஷனுக்கும், டில்லிக்கும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தாமோதரன் மனசு இறங்கிவிட்டார். வெவ்வேறு பல்சக்கரத்தை மாற்றி மாற்றிப் போட்டு, பாயிண்ட் ஒன்பதுக்குக் கிட்டத்தில் வருகிற மாதிரி வெட்டிக் கொடுத்தார். பளபளவென்று கையில் வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து கேசிங்கில், அதாவது அந்தப் பிளேட் உட்காருகிற அலுமினியக் கூட்டில், விட்டேன். நாலாவது சுற்றில் இறுகிவிட்டது. புதுசைவிட ஒரு சுற்று கூட, அவ்வளவுதான். திரும்பக் கொண்டுபோனதற்கு, "சாம்பிள் எடுத்துக்கினு வா, இல்லாட்டி என் உசுர எடுக்காத" என்று கத்தினார்.

பரவாயில்லை. சாம்பிள் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் வந்ததும் இரண்டு பேரும் செங்கல்பட்டு போவோம்.

லோகு


ஊரப்பாக்கம்
29 ஜூன் 2025

லோகு தம்பிக்கு,

இரண்டு பேர் ஏன்? நானும் அனுவும் எங்கே போனோம்? நாலு பேர் என்று எழுது. தாமோதரன் அரண்டு போகட்டும்.

திதி அன்றைக்குப் பிறகு நான் பொட்டு வைப்பதில்லை. இப்போது வைக்கிறேன். ஹாஸ்டலில் எல்லாரும் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. அனுவிடமும் சொல்லிவிட்டேன். நீ பொய் சொல்லவில்லை என்றேன். அவள் வாயால் வண்டி சத்தம் போட்டுக்கொண்டே தூங்கிப் போனாள்.

ஆடி பிறந்ததும் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்ற வருகிறேன். நம் வீட்டைப் பெருக்கித் துடைத்து வை. உன் நம்பர் மேல் போட்டிருந்த பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் ஏதாவது சொன்னால் திரும்பத் திரும்பப் படிக்க முடியாது.

அண்ணி


மாமல்லபுரம் குப்பம்
20 ஜூலை 2025

அண்ணி,

போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பக்கத்தில் சாந்தா அக்கா இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். அனு இருந்தால் வெளியே விளையாட அனுப்புங்கள்.

நம் மனுவைப் படித்துவிட்டு, மரக்காணத்துக்கும் தெற்கே ஒரு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே திருநாவுக்கரசு என்று ஒரு ரைட்டர். போட் கவிழ்ந்து சில வாரம் கழித்து அங்கே ஒரு உடம்பு ஒதுங்கியிருக்கிறது. முகம் இல்லை. வயது ஐம்பது இருக்கும் என்று எழுதிவிட்டார்கள், அதனால் நம் புகாரோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கேட்டு யாரும் வராததால் அவர்களே புதைத்துவிட்டார்கள். இடுப்பில் இருந்ததை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள். கறுப்பு அரணாக்கயிறு, அதில் கட்டிய ஒரு முள் கவர், உள்ளே மூன்று ஸ்க்ரூ. நீங்கள் எழுதச் சொன்ன அந்த வரியைப் பார்த்துத்தான் ரைட்டருக்கு ஞாபகம் வந்ததாம்.

நான் நம்பவில்லை அண்ணி. அரணாக்கயிறும் முள் கவரும் கடலுக்குப் போகிற எல்லார் இடுப்பிலும் இருக்கும். ஸ்க்ரூவும் போட் எஞ்சின் வைத்திருக்கிற எவனிடமும் இருக்கும். ஆனால் போட் எஞ்சின் ஸ்க்ரூ என்றால் இந்தக் காலத்து மரை. அது நம் கேசிங்கில் ஏறாது. எனக்கு அந்தத் தைரியம் இருந்தது. பாயிண்ட் கேசிங்கை வண்டியிலிருந்து கழற்றி, துண்டில் சுற்றி, மீன் கூடையில் வைத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். நாறுது என்று பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ரைட்டர் நல்ல மனுஷன். மேஜையில் பேப்பர் விரித்து, கவரைப் பிரித்து வைத்தார். கவர் ஓரம் கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. மூன்று தலையும் துருவேறிக் கரைந்து கிடந்தது. பிளேயர் கடித்த தடமும் தெரியவில்லை, புள்ளி இருந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை. கிரீஸுக்குள் இருந்த மரை மட்டும் புதுசு மாதிரி இருந்தது. "அவரு பொண்ணோட ரத்தத்த எடுத்து சோதனைக்கு அனுப்பலாம், மாசக்கணக்குல ஆவும். அதுவரைக்கும் எதுவும் நிச்சயமில்லப்பா" என்றார். நான் கூடையிலிருந்து கேசிங்கை எடுத்தேன். எதற்கு என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

ஒன்றை எடுத்துத் துளையில் வைத்து விரலால் திருகினேன். இத்தனை மாசமாக ஒவ்வொரு ஸ்க்ரூவைத் திருகும்போதும் இறுகாதே, இறுகாதே என்று வேண்டிக்கொள்வேன். அன்றைக்கு இறுகு, இறுகு என்று வேண்டினேன். அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே திருகினேன். ரெண்டு சுற்று போனது. புதுசும் அவ்வளவு போகும், பயமில்லை. மூணு போனது. நாலு போனது. என் விரலுக்குத் தெரிந்த அந்த இறுக்கம் வரவே இல்லை அண்ணி. எண்ணெய் போட்ட மாதிரி தலை வந்து கேசிங்கில் உட்கார்ந்தது.

ரைட்டர் தண்ணீர் கொடுத்தார். ஸ்க்ரூ கேஸ் சொத்து, திரும்ப வைக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். நான்தான் கழற்றிக் கொடுத்தேன்.

பர்மா ஜெயிலில் இருக்கிறவன் வேறு யாரோ. வேறு யார் வீட்டுக்கோ வர வேண்டியவன். அவனாவது போய்ச் சேரட்டும்.

லோகு


ஊரப்பாக்கம்
24 ஜூலை 2025

லோகு,

மூன்று ஸ்க்ரூ என்று எழுதியிருக்கிறாய். ஒன்றைத்தானே போட்டுப் பார்த்தாய்? மற்ற இரண்டு?

உனக்கு அழுகை வந்திருக்கும், கண் மறைத்திருக்கும், விட்டுவிட்டு வந்திருப்பாய். ஒன்று எப்படியோ ஏறிவிட்டது. கரையெல்லாம் எத்தனை பழைய எஞ்சின் கிடக்கிறது, எதிலிருந்தாவது ஒன்று கலந்திருக்கலாம். மற்ற இரண்டும் ஏறாமல் போனால் அது நம்முடையது இல்லை. பழசும் புதுசும் கலந்துவிடும் என்றுதானே அந்த ஜப்பான்காரனே புள்ளி குத்தினான்? நீயே எழுதியிருந்தாயே.

பஸ் செலவுக்குப் பார்க்காதே. மறுபடி ஒரு தடவை கேசிங்கை எடுத்துக்கொண்டு போ. அந்த ரைட்டரிடம் அண்ணி கேட்கச் சொன்னார்கள் என்று சொல்லி மற்ற இரண்டையும் போட்டுப் பார். அழுத்தாதே, மெதுவாகத் திருகு. உன் காலில் விழுந்து கேட்கிறேன் தம்பி, ஒன்றாவது இறுகும்.

அன்றைக்கே அந்த மெக்கானிக் டிரில்லோடு வந்தானே. நீ ஏன்டா என் பேச்சைக் கேட்கவில்லை? துளையைப் பெரிசாக்கியிருந்தால் இன்றைக்கு எதைப் போட்டாலும் அதில் நின்றிருக்காது.

பொட்டை நான் எடுக்கவில்லை. உன் பதில் வரட்டும்.

பரிமளா


மாமல்லபுரம் குப்பம்
30 ஜூலை 2025

அண்ணி,

போனேன். மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்தேன். அவசரப்படவில்லை, நீங்கள் சொன்ன மாதிரி மெதுவாகத்தான் திருகினேன். ரைட்டரையும் ஒரு தடவை திருகிப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் கடைசி வரைக்கும் போய் உட்கார்ந்தது.

வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டேன். போட்டோவுக்கு வேறு கண்ணாடி போட்டு, இருந்த இடத்திலேயே மாட்டியிருக்கிறேன். மாலையை நீங்கள்தான் போட வேண்டும். அனுவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த நீலச் சட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், படையலில் வைக்க வேண்டும்.

லோகு